முதல் வார்த்தை பகலவனுக்கு

தப்ரேஸ் தோற்றுவிட்டதாக ஒப்புக்கொண்ட அன்றுதான், புருஷன் செத்துப்போனது செங்கொடிக்கு முழுசாக உறைத்தது.

அதற்கு முன்னாலேயே எல்லாம் நடந்து முடிந்திருந்தது. ஐஸ் பெட்டி வந்தது, பறை வந்தது, விடிய விடியக் கானா பாடினார்கள், புத்த வந்தனம் சொல்லி நினைவேந்தல் கூட்டம் நடத்தினார்கள், சுவரில் போட்டோ ஏறியது. மாநகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் செங்கொடி லீவு முடிந்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டாள். அழாமல் இல்லை. அழுகை அது பாட்டுக்கு ஒரு பக்கம் வந்தது. ஆனால் வீட்டுக்குள்ளேயே எங்கேயோ பகலவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருப்பதாக ஒரு நினைப்பு அவளுக்கு இருந்துகொண்டே இருந்தது. அந்த நினைப்பில்தான் பகலவனின் கூட்டாளி தப்ரேஸ் மண்ணை அள்ளிப் போட்டான்.

பொங்கல் முடிந்த ஞாயிறு அது. வழக்கம் போல ராயபுரத்திலிருந்து மட்டன் சமோசாப் பொட்டலத்தோடு வந்தவன், மூன்று மாடி ஏறிய மூச்சு அடங்கும் வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எதிரே கட்டிலின் ஓரத்தில் பகலவன் உட்காரும் இடத்தில் மெத்தை அமுங்கிப் பள்ளமாகக் கிடந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துப் பேசினான்.

"நானும் ரோசன பண்ணிகினே இருந்தேன் அண்ணி. பகலவன் சொன்னதுதான் கரெக்ட்டு. ஆர்டன் போனதுக்கு அப்பால அவனுங்க போட்டது எதுலயும் சரக்கு இல்ல. நான்தான் சும்மா வீம்புக்குப் பேசிகினு இருந்துட்டேன்."

தட்டில் சமோசாவை எடுத்து வைத்துக்கொண்டிருந்த செங்கொடியின் கை நின்றுவிட்டது.

"இன்னா சொன்ன?"

"அவன்தான் கரெக்ட்டுன்றேன்."

"யாராண்ட சொல்ற? இத்தக் கேக்கறதுக்கு அந்தாளு கீறாரா இங்க?"

தப்ரேஸ், அறுபது வயசு ஆள், பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றப்பட்ட பையன் மாதிரி முழித்தான்.

அவள் எதற்கு அப்படிக் கொதித்தாள் என்று தெரிய வேண்டுமானால் அந்தச் சண்டை என்ன சண்டை என்று தெரிய வேண்டும். சால்ட் மெரிடியன் என்று ஓர் இங்கிலாந்து பேண்டு. புரோக்ரெசிவ் ராக் என்பார்கள். பல்லவி, சரணம், நாலு நிமிஷம் என்று பழகிய நமக்கு அது பாட்டு என்றே தோன்றாது. ஒன்றே ஒன்று இருபது நிமிஷம் ஓடும். நாலு எண்ணிக்கையில் நடந்துகொண்டிருக்கிற தாளம் சொல்லாமல் கொள்ளாமல் ஏழுக்கு மாறும். பாடகர் பாதி நேரம் வாயே திறக்க மாட்டார், ஆர்டன் என்கிற கீபோர்டுக்காரர்தான் புகுந்து விளையாடிக்கொண்டிருப்பார். ஹார்பரில் டாலி கிளார்க்காக, கப்பலில் ஏறி இறங்கும் சரக்கை எண்ணிக் குறிக்கிற வேலையில் இருந்த பகலவனுக்கு, ஒரு போலந்துக் கப்பலின் சமையல்காரர் கொடுத்த கேசட்டினால் இந்தப் பைத்தியம் பிடித்தது. பிடித்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் தோஸ்து தப்ரேஸுக்கும் ஒட்டவைத்துவிட்டான். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அந்த பிளாக் முழுவதும் அதற்கு ஒரு பெயர் இருந்தது: பகலவன் வூட்டு இங்கிலீஷ் ஒப்பாரி.

ஆர்டன் ஒரு கட்டத்தில் மற்றவர்களோடு முட்டிக்கொண்டு பேண்டை விட்டுப் போனார். மற்றவர்கள் நிறுத்தவில்லை. பாட்டுகள் சின்னதாயின, தாளம் நிதானமானது, பாடகரின் குரல் வயசோடு சேர்ந்து கீழே இறங்கியது. ஆர்டனோடு பேண்டு முடிந்தது, மிச்சமெல்லாம் பழைய போர்டை மாட்டிக்கொண்டு நடத்துகிற கடை என்பது பகலவனின் கட்சி. முதலில் வந்ததெல்லாம் வாலிபப் பையன்கள் காட்டிய வித்தை, அடிபட்டு வாழ்ந்தவர்கள் வாசிப்பது பின்னால் வந்ததுதான் என்பது தப்ரேஸின் கட்சி.

"அத்தினி வேகமா வாசிக்கறது எதுக்கு மாமு? ரயிலு புடிக்கவா?" என்பான் தப்ரேஸ்.

"நீ கேக்குற பாட்டு ரயில வுட்டுட்டு பிளாட்பாரத்துல குந்திகினு கீது" என்பான் பகலவன்.

இது முப்பது வருஷத்துக்கு மேல், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நடந்தது. மகள் மாயா பிறந்த வாரம்கூட, தொட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒருவனும் இந்தப் பக்கம் ஒருவனுமாக நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு, அடித்துக்கொண்டார்கள்.

சண்டைக்கு ஒரு சட்டம் உண்டு. பகலவன் போட்ட சட்டம். புது ஆல்பம் வந்தால் அதைப் பற்றி ஒரு வரிகூட யாரும் படிக்கக் கூடாது. அவன் வீட்டில்தான் முதலில் கேட்க வேண்டும். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது, டீ வேண்டும் என்றுகூடக் கேட்கக் கூடாது. முடிந்த பிறகு முதல் வார்த்தை பகலவனுடையது. அவன் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் பேசலாம். ஆர்டன் போன பிறகு வந்த ஒவ்வொரு ஆல்பத்துக்கும் அந்த முதல் வார்த்தை ஒன்றேதான். கடைசி சத்தம் அடங்கும், அவன் காதைக் குடைவான், ஆம்ப்ளிஃபயரை அணைப்பான், அப்புறம் சொல்வான்: "கலீஜ்."

அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவன் மாதிரி தப்ரேஸ் நாற்காலியிலிருந்து எழுந்து பாய்வான்.

செங்கொடிக்குக் கட்சியே கிடையாது என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். "நீ சொல்லு அண்ணி" என்று தப்ரேஸ் பஞ்சாயத்துக்கு இழுத்தால், "ரெண்டும் லூசு" என்று எழுந்து போய்விடுவாள். உண்மையில் அவளுக்குப் பிடித்தது பின்னால் வந்தவைதான். 'ஹவுஸ் ஆஃப் ஆர்டினரி லைட்' என்று பகலவன் ஏசித் தள்ளிய ஒரு ஆல்பத்தை, அவன் ஷிஃப்டுக்குப் போன பிறகு தனியாகப் போட்டுக் கேட்பாள். நாளெல்லாம் வலியில் கத்துகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வருகிறவளுக்கு, எதற்கும் அவசரப்படாத அந்தக் குரல் இதமாக இருந்தது. புருஷனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ரெண்டுக்கு ஒன்று என்றாகிவிடும், ஆளுக்கு முகம் தொங்கிப்போகும், போகட்டும் என்று விட்டுவிட்டாள். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்திருந்தாள். ஐப்பசி மழையில் ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஆட்டோ ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் போய்விட்டான்.

சாவு வீட்டிலேயே தப்ரேஸின் போக்கு சரியில்லை என்று இப்போது அவளுக்குத் தோன்றியது. பறைச் சத்தத்துக்கு நடுவே அவன் ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் குனிந்து, கண்ணாடியில் போனை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றான். அவள் கிட்டே போய்ப் பார்த்தபோது 'டைடல் கிளாக்' ஓடிக்கொண்டிருந்தது. பகலவன் தலையில் வைத்துக் கொண்டாடிய, தப்ரேஸ் காலமெல்லாம் கிண்டலடித்த அதே ஆல்பம். அன்றைக்கே இவன் இறங்கிவந்துவிட்டான், நான்தான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"அந்தாளு உயிரோட கீற வரைக்கும் ஒரு நாளாவது வுட்டுக் குடுத்தியா?" என்றாள். "அவரு ஜெயிக்கணும்னா உன்னாண்ட சண்ட போட்டாரு? சண்டையே முடிஞ்சிபோச்சின்னா அப்பால அவரு எங்க கீறாரு சொல்லு. போட்டோல கீறாரு. போட்டோக்கு நானே மால போட்டுக்கறேன், நீ வராத."

"கோச்சிக்காத அண்ணி. என்னால எதிர்த்துப் பேச முடியல. அவன் குந்தற எடத்தப் பாத்தா வாய் வரல."

"சண்ட போடறதுன்னா வா. சமோசா குடுக்க வர்றதுன்னா வராத."

அவன் எழுந்து போய்விட்டான். படியில் அவன் இறங்குகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. சமோசாவை அவள் பக்கத்து வீட்டுக் குப்பம்மாவிடம் கொடுத்துவிட்டாள். தின்ன மனசு வரவில்லை.

அடுத்த ஞாயிறு தப்ரேஸ் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வராதே என்று சொன்னவளே வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் தனியாக இருந்த அந்த வாரங்களில் ஒன்று கண்டுபிடித்தாள். பகலவனின் குரலை அவளால் வரவழைக்க முடிந்தது. 'ஆர்டினரி லைட்'டைப் போடுவாள். ரெண்டு நிமிஷம் ஓடும். உடனே உள்ளே அவன் ஆரம்பித்துவிடுவான்: இன்னாடி இது, டிரம்ஸ் வாசிக்கறவன் தூங்கிட்டானா, எழுப்பி ஒரு டீ வாங்கிக் குடு. அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். பாட்டுக்கு மட்டும் இல்லை. குழம்பில் புளி கூடினால் சொன்னான். கீழ்வீட்டு ஞானம் தெருவையே அடைத்து பைக் நிறுத்தினால் சொன்னான். மணலிப் பக்கத்திலிருந்து காற்று திரும்பி கேஸ் நாற்றம் அடித்தால் யாரைத் திட்டுவானோ அவர்களை வரிசையாகத் திட்டினான். எதைக் காட்டினாலும் அவன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவ்வளவு வருஷம் ஒருத்தனோடு குடித்தனம் நடத்தினால் தெரியாமலா போகும். இது இருக்கிற வரை ஆள் முழுசாகப் போய்விடவில்லை என்று தைரியமாக இருந்தாள்.

மாசி பிறந்த பிறகு பெங்களூரிலிருந்து மாயா போன் செய்தாள்.

"அம்மா, சால்ட் மெரிடியன் புது ஆல்பம் விட்டுருக்காங்க. கடைசியாம், இதுக்கு மேல கிடையாதாம். உன் போன்லயே கேக்குற மாதிரி செஞ்சிருக்கேன்."

"இன்னும் கீறானுங்களா அவனுங்க?"

"எண்பதத் தொடப் போறாங்கம்மா." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பா இருந்திருந்தா முதல் நாளே வாங்கியிருப்பாரு. திட்டுறதுக்காகவே."

"அத்தப் பத்தி எதுவும் சொல்லாத. படிக்கவும் கூடாது, கேக்கவும் கூடாது. தெரியுமில்ல?"

"தெரியும்மா. அதனாலதான் பேர்கூடச் சொல்லல" என்றாள் மாயா. அவள் குரல் உடைந்ததை இருவரும் கண்டுகொள்ளாமல் விட்டார்கள்.

மறுநாள் டியூட்டி முடிந்ததும் செங்கொடி ஷேர் ஆட்டோ மாறி மாறித் திருவொற்றியூர் போனாள். எண்ணூர் சாலையில் டிரெய்லர் லாரிகள் மூக்கும் வாலுமாக நிற்கிற இடத்தில் தப்ரேஸின் கடை. நீலத் தார்ப்பாயைத் தரையெல்லாம் விரித்துப் போட்டு, நடுவே உட்கார்ந்து, ஓரத்துக்கு வளையம் அடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தான். ஆள் இளைத்திருந்தான். தாடியைச் சரியாக வெட்டிக்கொள்ளவில்லை. தான் மட்டும்தான் பகலவனை இழந்தவள் என்பது போல அன்றைக்குப் பேசிவிட்டோமே என்று அவளுக்குச் சுருக்கென்றது.

"புதுசு வந்துகீது பாய்" என்றாள்.

அவன் முகம் மலர்ந்து, உடனே வாடியது. "எனக்கும் கடைக்கு வர்ற ஒரு பையன் சொன்னான். மேல சொல்லாதன்னுட்டேன். நான் கேக்கல அண்ணி."

"ஞாயித்துக்கெழம வா. சட்டப்படி கேக்கலாம்."

தப்ரேஸ் தார்ப்பாயின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தான். "மொத வார்த்த யாரு சொல்றது?"

அதை அவள் ஆட்டோவிலேயே யோசித்து வைத்திருந்தாள். "அவருதான். அவருக்காக நான் சொல்றேன். அவரு இன்னா சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும். நான் சொன்னவொடனே நீ எழுந்து சண்டைக்கு வரணும். அப்பிடி இப்பிடி நெளிஞ்சன்னா பார்த்துக்கோ."

"கலீஜ்னு சொல்லப் போற, அதான?"

"அத்த அப்போ பாக்கலாம். இப்போ சொன்னா சட்டம் இன்னாத்துக்கு?"

அவன் சிரித்தான். சாவுக்குப் பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தாள். பக்கத்துக் கடையிலிருந்து டீ வாங்கிக் கொடுத்து, ஷேர் ஆட்டோ வரும் வரை கூடவே நின்றான். வரும் வழியெல்லாம் அவளுக்கு மனசு லேசாக இருந்தது. ஒரு வார்த்தைதானே, அதைச் சொல்லிவிட்டால் வண்டி பழையபடி ஓட ஆரம்பித்துவிடும் என்று நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை தப்ரேஸ் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான். சமோசாவை அடுப்படியில் வைத்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். செங்கொடி போனை ஆம்ப்ளிஃபயரில் மாட்டினாள். திரையில் ஆல்பத்தின் பெயர் வந்தது: 'ஸ்லாக் வாட்டர்'. கடல் ஏறவும் இல்லாமல் வற்றவும் இல்லாமல் சும்மா நிற்கிற நேரம் அது என்று பகலவன் எப்போதோ ஹார்பர் கதை சொல்லும்போது சொன்னது நினைவிருந்தது. அவள் தன் இடமான கதவோரத்து முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். கட்டிலின் ஓரத்தை யாரும் தொடவில்லை.

முதல் பாட்டு மெதுவாகத் தொடங்கியது. பாடகரின் குரல் ரொம்பக் கிழடாகிவிட்டிருந்தது. ஒரு வரி பாடி, மூச்சு வாங்கி, அடுத்த வரி பாடினார். செங்கொடிக்குள் பகலவன் உடனே வந்துவிட்டான்: தாத்தாவ எவண்டா தூக்கத்துலேருந்து எழுப்பினது. அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ரெண்டாவது பாட்டு வந்தது, அதற்கும் அவன் திட்டு வந்தது. நடுவில் திடீரென்று நகைக் கடனுக்கு விளம்பரம் ஓடியது. அதற்கும் இருவரும் வாயைத் திறக்கவில்லை, சட்டம் சட்டம்தான். தப்ரேஸின் தோள் மட்டும் குலுங்கியது. பகலவன் உட்கார்ந்திருந்தால் 'இதுக்கு அந்த வெளம்பரமே தேவல' என்று சொல்லாமல் இருக்க என்ன பாடு பட்டிருப்பான் என்று நினைத்தாள். எல்லாம் அவள் எதிர்பார்த்தபடியே போய்க்கொண்டிருந்தது. 'கலீஜ்' நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

கடைசிப் பாட்டு கீபோர்டில் தொடங்கியது.

ரெண்டு விரல் அழுத்திய சத்தம்தான். அதற்கே தப்ரேஸ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். வாயைக் கையால் பொத்திக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான். அவளுக்கும் தெரிந்துவிட்டது. அந்தக் கையை எங்கே கேட்டாலும் தெரியும். இந்த வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரியும். ஆர்டன் திரும்பி வந்திருந்தார்.

பாட்டு நீண்டது. நாலில் நடந்த தாளம் ஏழுக்கு மாறியது, பழைய நாட்களில் மாறிய மாதிரியே. ஆனால் அந்தக் கைகளுக்கு வயசாகியிருந்தது. முன்பெல்லாம் கொட்டித் தீர்த்த இடத்தில் இப்போது ஒவ்வொன்றாகத் தேடித் தேடித் தொட்டார். சில சுரங்களைத் தொடாமலே விட்டார். ஓர் இடத்தில் தாளத்துக்குப் பிந்திவிட்டார். நன்றாகத் தெரிகிற மாதிரிப் பிந்தினார். அங்கே டிரம்ஸ் வாசிப்பவர் நின்றார். பேஸ் கிடாரும் நின்றது. அவர் வந்து சேரும் வரை எல்லோரும் காத்திருந்து, அவர் வந்ததும் சேர்ந்து நடந்தார்கள். அதை அழித்துத் திருத்தாமல் அப்படியே விட்டிருந்தார்கள். பாடகர் கடைசியில் நாலே நாலு வரி பாடினார். அதற்குப் பிறகு கீபோர்டு மட்டும் கொஞ்ச தூரம் போய் நின்றது.

முடிந்துவிட்டது. ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் மட்டும் கேட்டது.

தப்ரேஸ் அவளைப் பார்த்தான். முதல் வார்த்தைக்காகக் காத்திருந்தான். அவள் வாயைத் திறந்தாள்.

கலீஜ் என்று சொல்லிப் பார்த்தாள், உள்ளுக்குள். அது அவன் குரலில் வரவில்லை. ஆர்டன் வந்திருக்கும்போது அவன் எப்படிக் கலீஜ் என்பான். சரி, சந்தோஷத்தில் குதித்திருப்பான், சொன்னேன் பாரு, அவன் இல்லாம பேண்டே இல்லன்னு சொன்னேன் பாரு என்று தப்ரேஸின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பான் என்று நினைத்தாள். அதுவும் ஒட்டவில்லை. தாளத்துக்குப் பிந்துகிற ஆர்டனை அவன் தாங்கியிருப்பானா? மற்றவர்கள் நின்று காத்திருந்த அந்த இடத்தில் என்ன செய்திருப்பான்? அழுதிருப்பானா? அவன் அழுது அவள் பார்த்ததில்லை. ஆத்திரத்தில் போனைப் பிடுங்கிப் போட்டிருப்பானா? இல்லை, ஒன்றுமே சொல்லாமல் இன்னொரு தரம் போடு என்றிருப்பானா? ஒவ்வொன்றாக அவன் வாயில் வைத்துப் பார்த்தாள். எல்லாம் அவள் குரலிலேயே கேட்டது.

வெளியே மைதானத்தில் பையன்கள் ஃபுட்பால் ஆடிக்கொண்டு கத்தினார்கள். குப்பம்மா வீட்டில் குக்கர் விசில் அடித்தது. செங்கொடி கண்ணை மூடிக்கொண்டு கவனித்துப் பார்த்தாள். குழம்புக்கும் பைக்குக்கும் விளம்பரத்துக்கும் வந்தவன், அவன் முப்பது வருஷமாகக் காத்திருந்த பாட்டுக்கு வரவில்லை.

"தெர்ல பாய்" என்றாள். "அவரு இன்னா சொல்லுவாருன்னு எனக்குத் தெர்ல."

தப்ரேஸ் எழுந்து பாயவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, இஸ்திரி போட்ட சட்டையிலேயே துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நானும் அத்தத்தான் கேட்டுப் பாத்துகினு இருந்தேன் அண்ணி" என்றான். "ஆர்டன் பிந்தனாரு பாரு, அப்போ பகலவன் மூஞ்சியப் பாக்கணும்னு திரும்பிட்டேன். மெய்யாலுமே திரும்பிட்டேன்."

 பெரிய சத்தம் போட்டு அழுதான். சாவு அன்றைக்கு அழாததையெல்லாம் சேர்த்து அழுதான். செங்கொடி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிரசவ வார்டில் நிற்கிற மாதிரி அவன் பக்கத்தில் நின்று, தோளில் கை வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கண்ணீர் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"நாலு மாசம்" என்றான் தப்ரேஸ், தண்ணீரைக் குடித்துவிட்டு. "இன்னும் நாலு மாசம் இருந்திருந்தான்னா கேட்டுட்டுப் போயிருப்பான்."

"உடு பாய்."

"இன்னா சொல்லியிருப்பான்னு இனிமே தெரியவே தெரியாதில்ல?"

"தெரியாது" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, பழக்க தோஷத்தில்தான் இருக்க வேண்டும், வேறு என்ன பேசுவது என்று தெரியாமல்தான் இருக்க வேண்டும், தப்ரேஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டான்: "நீ சொல்லு அண்ணி. உனக்கு எப்பிடி கீது?"

ரெண்டும் லூசு என்று எழுந்து போக ரெண்டு பேர் இல்லை. செங்கொடி கட்டிலின் ஓரத்தில் இருந்த பள்ளத்தைப் பார்த்தாள். அதைப் பார்த்தே பேசினாள்.

"எனக்குப் புடிச்சிகீது. கடசிப் பாட்டு மட்டும் இல்ல, மொத பாட்லேருந்து எல்லாமே புடிச்சிகீது. அந்த ஆர்டினரி லைட்டும் எனக்குப் புடிக்கும். நீ ஷிஃப்டுக்குப் போவ சொல்லோ நான் போட்டுக் கேட்டுகினுதான் இருந்தேன். இத்தினி வருசமும் உனக்குத் தெரியாம கேட்டேன். நீ சொன்னது தப்பு."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். பதிலுக்கு ஒரு திட்டு விழுவதற்கு எவ்வளவு நேரம் விட வேண்டுமோ அவ்வளவு நேரம் விட்டாள். நாற்காலியில் தப்ரேஸும் அசையாமல் காத்திருந்தான். ஆம்ப்ளிஃபயர் இரைந்துகொண்டிருந்தது. யாரும் மறுத்துப் பேசவில்லை.